காது அடைத்த எட்டு விநாடி

ஞானதிரவியத்துக்குத் தன் மனைவியின் குரல் பதினொரு தடவை தொலைந்து போயிருந்தது. குடை தொலைந்தால் தேடிப் போகலாம், செருப்பு தொலைந்தால் வேறு வாங்கலாம். குரல் தொலைந்தால் எங்கே போவது? ஒவ்வொரு தடவையும் எப்சிபா அவர் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அன்றைய செய்தித்தாளை வரி விளம்பரம் வரைக்கும் சத்தமாக வாசிப்பாள். முதல் நாள் அது அவருக்குத் தகர டப்பாவில் கூழாங்கல்லை உருட்டுவது போலக் கேட்கும். நான்காம் நாள் சொற்கள் பிரியும். எட்டாம் நாளோ பத்தாம் நாளோ, 'இரண்டு படுக்கையறை, கார் நிறுத்த வசதி உண்டு' என்று அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போது அவர் முகம் சட்டென்று மலரும். "இந்தா, வந்துட்ட" என்பார்.

அவர் பாளையங்கோட்டையில் ஒரு தேவாலயத்தின் பாடகர் குழுத் தலைவர். மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதையும் கொண்டுபோன பிறகு செவிச்சில்லு வைத்தார்கள். இரண்டாயிரத்து ஐம்பதுகளில் அது மூக்குக்கண்ணாடி போலச் சாதாரணமாகிவிட்டிருந்தது. தென்மாவட்டங்களில் மட்டும் நாற்பதாயிரம் பேர் சில்லு வைத்திருந்தார்கள். அந்தச் சில்லுக்குள் ஓடும் மென்பொருளை எழுதுகிற கம்பெனியில்தான் எப்சிபாவுக்கு வேலை. கணவரின் காதை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கலைத்துப் போடுகிற இடத்தில் மனைவிக்கு உத்தியோகம் என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அவளும் சிரித்து வைப்பாள். உள்ளுக்குள் அது அவளைக் குத்தாமல் இருந்ததில்லை.

ஒன்பதாவது தடவை குரல் திரும்பி வந்த அன்று, சாப்பிட உட்கார்ந்தபோது ஞானதிரவியம் கேட்டார்.

"இந்தத் தடவ என்னத்த மாத்துனிய எப்சி?"

"ஒருத்தர் குறிப்பு வரியில தேதிய மாத்தினாரு."

"குறிப்பு வரின்னா?"

"எழுதுதவங்க தங்களுக்காக எழுதி வச்சுக்கிடுதது. சில்லு அதப் படிக்கவே செய்யாது."

"சில்லு படிக்காததுக்கா எனக்கு ஒம்பது நாளு காது போச்சு?"

எப்சிபா தட்டைப் பார்த்தாள். அன்று தோசை. "சில்லுக்குள்ள மென்பொருளு நூத்திநாப்பது பொதியா இருக்கு அத்தான். ஒண்ண நம்பி ஒண்ணு. மாவ நம்பித் தோச, மாவ நம்பி இட்லி, ஊத்தப்பம், அந்த மாதிரி. மாவுல யாரு கைய வச்சாலும், மேல உள்ள எல்லாத்தையும் கொட்டிட்டு மொதல்ல இருந்து மறுபடி சுடுவோம். மறுகட்டுன்னு சொல்லுவோம். புதுசா கட்டுன பொதிக்கு உங்கள அடையாளம் தெரியாது. மூணு மாசமா உங்க மூளையும் அதுவும் பழகுனதெல்லாம் போயிரும்."

"சரி, மாவுல கைய வச்சாங்க. மாவு மாறிச்சா?"

"மாறல."

"மாறலன்னா என்னத்துக்கு நல்ல தோசையக் கொட்டுதிய?"

எப்சிபாவின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. பதினேழு வருஷம் இந்தத் தொழிலில் குப்பை கொட்டியவளுக்குத் தோன்றாத கேள்வி. மறுகட்டு என்றால் எல்லாவற்றையும் கட்டுவது என்றே எல்லோரும் பழகியிருந்தார்கள். மனுஷன் பத்து நாள் செவிடாகக் கிடப்பது எந்தக் கணினித் திரையிலும் தெரியாது அல்லவா?

ஐந்து மாதத்தில் அவள் ஒரு சல்லடை கட்டினாள். ஒரு பொதியில் மாற்றம் வந்தால், அந்த ஒன்றை மட்டும் கட்டி, அதன் வெளிமுகத்தைப் பழைய முகத்தோடு சல்லடை ஒப்பிட்டுப் பார்க்கும். வெளிமுகம் என்பது மற்ற பொதிகள் அதனிடம் பார்க்கிற, கேட்டு வாங்குகிற பகுதி. அது மாறவில்லை என்றால் வேலை அங்கேயே நின்றுவிடும், மேலே எதையும் தொடாது. அந்த ஐந்து மாதத்துக்குள் ஞானதிரவியத்துக்கு இன்னும் இரண்டு மறுகட்டு வந்து போயிற்று. சல்லடை ஓடத் தொடங்கி ஓராண்டு ஆகியும் பன்னிரண்டாவது வரவில்லை. நாற்பதாயிரம் வீடுகளில் அவரவர் மனைவி, கணவன், பிள்ளைகளின் குரல் தொலையாமல் இருந்தது. கம்பெனி அவளுக்கு ஒரு கேடயம் கொடுத்தது. அதை அவள் அலமாரியில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள்.

சல்லடையில் ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. அது கட்டியவளுக்கே தெரியும். மாவுச் சட்டியில் 'உப்பு இரண்டு கரண்டி' என்று ஒட்டியிருப்பதை ஒரு சமையல்காரர் தன் சுவரில் எழுதி வைத்துக்கொள்வதுபோல, சில பொதிகள் அடியில் உள்ள ஓர் எண்ணைத் தங்களுக்குள் நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். சட்டியில் திருத்தினாலும் சுவரில் பழைய எண்தான் நிற்கும். வெளிமுகத்திலும் ஒன்றும் தெரியாது. ஆகவே அப்படிப்பட்ட எண்ணை மாற்றுகிறவர் கையால் ஒரு குறி போட வேண்டும். குறி விழுந்தால் நகல் எடுத்த பொதிகளை மட்டும் சல்லடை மறுகட்ட அனுப்பும்.

குறி போடுவதற்கு எல்லோரும் பயந்தார்கள். காரணம் மேலாளர் கோமதிநாயகம் கொண்டுவந்த வழக்கம். யார் குறி போட்டாலும், மறுகட்டு வரப்போகிற ஆட்களில் இருபது பேரைக் கூடத்தின் நடுவில் இருக்கிற மேசையில் உட்கார்ந்து குறி போட்டவரே போனில் கூப்பிட வேண்டும். 'நாளைக்கு உங்கள் காது மாறும், மன்னித்துவிடுங்கள்' என்று தன் வாயால் சொல்ல வேண்டும். மன்னிப்பு மேசை என்று அதற்குப் பெயர். நல்ல எண்ணத்தில் வந்த வழக்கம்தான். ஆனால் 'அடுத்த வாரம் எம் மக கல்யாணம், பாவி' என்று ஒருமுறை ஒருவர் அந்த முனையில் அழுததைக் கேட்டவர்கள், அதன் பிறகு குறியைப் பத்து நாள், பதினைந்து நாள் தள்ளிப்போடத் தொடங்கினார்கள். அலுவலகம் முழுக்கச் செய்த தப்பு அது. எல்லோரும் செய்ததால் தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் காலையில் எப்சிபாவின் மேசைக்குக் குறை எண் முந்நூற்றுப் பதினேழு வந்தது. திடீரென்று பெரிய சத்தம் வந்தால் நரம்பைக் காப்பாற்றச் சில்லு தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும், எட்டு விநாடிக்கு. லாரி ஹாரன் அடித்தால் எட்டு விநாடிக்கு உலகத்தில் ஒரு சத்தமும் இல்லை. அரை விநாடி போதும் என்று மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். அது சரியாகும்வரை வண்டி வாகனம் ஓடும் இடத்தில் வேலை செய்யக்கூடாது என்று சிலருக்குத் தடையும் போட்டிருந்தார்கள்.

எட்டை அழித்து அரை என்று எழுத அவளுக்கு இரண்டு நிமிஷம் ஆயிற்று. சோதித்துப் பார்த்தாள், சரியாக இருந்தது. திரை கேட்டது: 'எண் குறி உண்டா, இல்லையா?'

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். நாளைக்குப் பெரிய வெள்ளி, விடுமுறை; குறி போட்டால் சனிக்கிழமை மறுகட்டு. ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர். நான்கு வருஷத்துக்குப் பிறகு ஞானதிரவியம் முதல்முறையாகப் பாடகர் குழுவின் முன்னால் நிற்கப் போகிறார். தானே மெட்டமைத்த நான்கு குரல் கீர்த்தனை. இரண்டு மாதமாக வீட்டில் அதே பேச்சு. தகர டப்பாச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அந்த மனுஷன் நாற்பது பேருக்கு எப்படிக் கை அசைப்பார்?

யார் யாருக்கு மறுகட்டு வரும் என்று பட்டியல் கேட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் பட்டியல் கேட்டாலே கூடத்துப் பெரிய திரையில் கேட்டவர் பெயர் விழும். விழுந்தால் பின்வாங்க முடியாது. அவள் கேட்கவில்லை. திங்கள்கிழமை குறியைப் போட்டுக்கொள்ளலாம், மூன்று நாளில் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தாள்.

'இல்லை' என்பதை அழுத்தினாள். 'வெளிமுகம் மாறவில்லை. மறுகட்ட வேண்டிய பொதிகள்: பூஜ்யம்' என்றது சல்லடை. குறை எண் முந்நூற்றுப் பதினேழுக்கு எதிரே 'சரிசெய்யப்பட்டது' என்று பச்சையில் வந்தது. அந்தச் சேதி ஆஸ்பத்திரிகளுக்குத் தானாகப் போகும் என்று அவளுக்குத் தெரியும். வழக்கமாக அவர்கள் அதைத் திறந்து பார்க்கவே ஒரு வாரம் ஆகும். இந்த முறை, விடுமுறைக்கு முன் மேசையைக் காலி செய்ய நினைத்த யாரோ ஒரு புண்ணியவான், அன்று சாயங்காலமே தடை போட்ட அத்தனை பேருக்கும் 'காது அடைக்கும் குறை நீங்கிவிட்டது' என்று அனுப்பிவிட்டார்.

ஈஸ்டர் ஆராதனை அமோகமாக நடந்தது. கீர்த்தனை முடிந்தபோது முன்வரிசைக் கிழவர்கள்கூட எழுந்து நின்றார்கள். வீட்டுக்கு வரும் வழியில் ஞானதிரவியம் சின்னப் பிள்ளை மாதிரி பேசிக்கொண்டே வந்தார். "பெண்கள் வரிசையில ஒருத்தி மட்டும் அர சுதி கீழ. யாருன்னு நான் திரும்பிப் பாக்கவே இல்ல. தெரிஞ்சுட்டு." எப்சிபா அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். தான் செய்தது சரிதான் என்று அந்த நிமிஷம் முழு மனதோடு நம்பினாள்.

மத்தியானம் அடுப்பில் பிரியாணி தம்மில் இருந்தபோது கோமதிநாயகம் கூப்பிட்டார்.

"பண்டிக நாளும் அதுவுமா கூப்பிடுதேன், தப்பா நெனைக்காதீங்க. நம்ம சில்லு வச்ச ஒரு அம்மா, பேச்சித்தாய்னு பேரு. கயத்தாறு பக்கம் ரோட்டு வேலையில கொடி காட்டுதவங்க. நேத்து ஒரு பஸ்ஸு ஹாரன் அடிச்சதுல காது அடச்சிருக்கு. பின்னால டிப்பர் லாரி ரிவர்ஸ்ல வந்தது கேக்கல. எடது காலு போச்சு எப்சிபா."

"அடச்சுதா?" என்றாள்.

"அதான் எனக்கும் புரியல. வியாழக்கிழமையே சரி பண்ணிட்டோம்லா? அந்த அம்மாவுக்கு ரெண்டு மாசமா தட இருந்திருக்கு. சரியாயிட்டுன்னு சேதி வந்த பெறவுதான் வேலைக்குப் போயிருக்காங்க. நேத்துதான் மொத நாளு."

போனை வைத்த பிறகு அவள் அப்படியே நின்றாள். அடிப்பிடித்த வாசனை வந்து ஞானதிரவியம் அடுக்களைக்கு ஓடி வந்து அடுப்பை அணைத்தார். "என்னாச்சு?"

"ஆபீஸ்ல ஒரு சின்ன பிரச்சன" என்றாள்.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "எப்சி, உன் குரல் ஏதோ மாதிரி இருக்கே. கீழ போயி, கம்மி... சில்லு கோளாறு பண்ணுதோ?"

அந்தக் காது சரியாகத்தான் கேட்டது. பதினொரு தடவை தொலைத்துப் பதினொரு தடவை கண்டுபிடித்த குரலில் இன்று என்ன இல்லை என்று அது சொல்லிவிட்டது. எப்சிபா அவர் முகத்தைப் பார்க்காமல், "சில்லாத்தான் இருக்கும் அத்தான்" என்றாள். அவர் கவலையோடு காதுக்குப் பின்னால் விரலை வைத்துத் தடவிக்கொண்டார். அவளுக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

விசாரணை முடியும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது என்று திங்கள்கிழமை உத்தரவு வந்தது. செவ்வாய்க்கிழமை சுகாதாரத் துறையிலிருந்து டாக்டர் நூர்ஜஹான் விசாரிக்க வந்தார். மெலிந்த உருவம், அவசரமில்லாத பேச்சு. சல்லடையின் பதிவைத் திரையில் இரண்டு முறை படித்தார்.

"பூஜ்யம்னு சொல்லியிருக்கு. அப்ப உங்க சல்லடையில தப்பா?"

"இல்ல டாக்டர்" என்றார் கோமதிநாயகம். "நகல் எடுத்த எண்ண அது பாக்காது. அதுக்கு எழுதுனவங்க கையால குறி போடணும். விட்டுப் போச்சு."

"விட்டுப் போச்சா, விட்டுட்டாங்களா?"

"கவனக்குறைவுதான் டாக்டர். பண்டிக நேரம், ஆயிரம் வரிக்கு நடுவுல ஒரு எண்ணு. எப்சிபா மாதிரி கவனமான ஆளு இந்தக் கட்டடத்துலயே கெடையாது. அவங்களுக்கே நடந்துட்டுன்னா, அது யாருக்கும் நடக்கும்." பேசிக்கொண்டே அவர் ஆதரவாக எப்சிபாவைப் பார்த்தார்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "கவனக்குறைவுதானாம்மா?"

"ஆமா" என்றாள்.

அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. கவனக்குறைவு என்பது எத்தனை சௌகரியமான சொல்! யாரையும் சுடாது, யாருடைய வேலையையும் பறிக்காது. டாக்டர் அதை எழுதிக்கொண்டார். எப்சிபாவுக்குக் கன்னமெல்லாம் எரிந்தது. கொடுத்த காபியை அப்படியே வைத்துவிட்டுக் குறி போடத் தன் இடத்துக்கு வந்தாள்.

இப்போது எல்லோரும் பார்க்கக் குறி போட்டாள். கூடத்துத் திரையில் அவள் பெயர் விழுந்தது. அவள் திரையில் பட்டியல் வந்தது. எண்ணை நகல் எடுத்த பொதிகள் மூன்று. அவற்றை வைத்திருக்கும் ஆட்கள் ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பேர். இனி ஈஸ்டரும் இல்லை ஒன்றும் இல்லை, அவருக்குப் பன்னிரண்டாவது தடவை, மறுபடி செய்தித்தாளை எடுக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே ஞானதிரவியத்தின் பெயரைத் தேடினாள்.

பெயர் இல்லை.

இனிஷியலை மாற்றித் தேடினாள், சில்லு எண்ணைப் போட்டுத் தேடினாள். இல்லவே இல்லை. கடைசியில் அவர் சில்லின் விவரத்தைத் திறந்து பார்த்தாள். பாடுகிறவர் என்பதால் மூன்று வருஷத்துக்கு முன் அவருக்கு இசைக்காரர்களுக்கான தனிப் பொதியைப் போட்டிருந்தார்கள். அது பெரிய சத்தத்தைத் தானே அளந்து தானே குறைத்துக்கொள்ளும், அந்த எட்டை நகல் எடுக்கவே இல்லை. கோயிலில் அவர் காதோரம் டிரம்ஸ் அதிரும்போதும் ஒருநாளும் காது அடைத்ததில்லை. அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள்தான். அப்போதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

வியாழக்கிழமையே குறி போட்டிருந்தாலும் சல்லடை அவரைத் தொட்டிருக்காது. ஈஸ்டர் அப்படியே நடந்திருக்கும், அரை சுதி கீழே பாடியவளை அவர் அப்படியே கண்டுபிடித்திருப்பார். அவள் பொய் சொல்லித் தடுத்தது, வரவே போகாத ஒரு மறுகட்டை. தேவையில்லாத ஆளைத் தொடாதே என்றுதான் ஐந்து மாதம் உட்கார்ந்து அந்தச் சல்லடையைக் கட்டினாள். நாற்பதாயிரம் பேர் அதை நம்பினார்கள். அவசரத்துக்கு அவள் மட்டும் அதை நம்பவில்லை. 

பிறகு எழுந்து மன்னிப்பு மேசைக்குப் போனாள். கணினி குலுக்கிப் போட்ட இருபது பெயர்களில் பேச்சித்தாய் இல்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. அந்த மூச்சுக்காகவே தன்மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பட்டியலில் போய் அந்தப் பெயரைத் தேடி எடுத்து, முதல் ஆளாக அவளைக் கூப்பிட்டாள்.

"யாரு?" என்றது ஒரு தளர்ந்த குரல். பின்னால் ஆஸ்பத்திரி வார்டின் இரைச்சல்.

"செவிச்சில்லு கம்பெனியில இருந்து பேசுதேன் அக்கா. எப்சிபான்னு பேரு. நாளைக்கு உங்க காதுல கொஞ்சம் மாத்துவாங்க. பத்து நாளைக்கு எல்லாரு பேச்சும் வேற மாதிரி கேக்கும். அதச் சொல்லத்தான்..."

"செய்யுங்க தாயி. எங் காதுலதான் ஏதோ கோளாறு. ஒங்க மேல சொல்லக் கூடாது." பேச்சித்தாய் மூச்சு வாங்கிக்கொண்டாள். "சரியாயிட்டுன்னு எல்லாருக்கும் சொல்லிட்டாவ, எனக்கு மட்டும் அடைக்கின்னா அது ஏங் குத்தந்தான? கவனக்குறைவுன்னு காண்ட்ராக்டரு எழுதிட்டாரு. எம் மவனும் அதத்தான் சொல்லுதான், பாத்து நிக்கப்படாதான்னு. நாலு பேரு மொகத்துல முழிக்க வெக்கமா இருக்கு தாயி. ஆன வயசுக்கு இப்பிடிக் காலக் குடுத்துட்டுக் கெடக்கேனே."

தன்னுடைய வெட்கத்தை இன்னொருத்தி வாங்கிச் சுமந்துகொண்டு படுத்திருக்கிறாள் என்பது எப்சிபாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. வாயைத் திறந்தாள். தொண்டையில் ஒன்றும் வரவில்லை.

அந்த முனையில் படாரென்று ஒரு சத்தம். யாரோ எவர்சில்வர் தட்டுகளைத் தரையில் தவறவிட்டிருக்க வேண்டும்.

சத்தம் கேட்ட உடனே எப்சிபாவுக்குப் பேச்சு வந்தது. மடமடவென்று வந்தது. "உங்க மேல தப்பே இல்ல அக்கா. சரியாகவே இல்ல. நான்தான் சரியாயிட்டுன்னு வரும்படி செஞ்சேன். தெரிஞ்சேதான் செஞ்சேன். என் வீட்டுக்காரருக்காகப் பொய் சொன்னேன். கவனக்குறைவு இல்ல." ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கினதுபோல ஒரு நிம்மதி பரவியது.

பிறகுதான் அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு உறைத்தது. மறுகட்டு நாளைக்குத்தான். இன்று பேச்சித்தாயின் காதில் இருப்பது பழைய எட்டு. அவளுக்குக் கேட்காது என்று தெரிந்துதானே, தட்டு விழுந்த சத்தத்துக்குப் பிறகு தனக்கு வாய் வந்தது?

"தாயி, இருக்கியளா?" என்றாள் பேச்சித்தாய். "இங்கன தட்டக் கீழ போட்டுட்டாவ, அடச்சிக்கிட்டு. நீங்க பேசுனது ஒண்ணுமே கேக்கல. என்ன சொன்னிய?"

இனிமேல் ஒன்றும் சொல்ல வேண்டாம். 'நாளைக்கு வருவாங்க, உடம்பப் பாத்துக்கிடுங்க' என்று போனை வைத்துவிடலாம். சொல்லியாயிற்று என்று சாகிறவரைக்கும் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் வேலையை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோமதிநாயகம் தன் அறை வாசலில் நின்றார். அவர் பக்கத்தில், கிளம்பப் பையைத் தோளில் மாட்டியிருந்த டாக்டர் நூர்ஜஹானும் நின்றார். இவர்கள் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. கேட்க வேண்டியவளுக்குத்தான் கேட்கவில்லை.

எப்சிபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, பக்கத்துல யாராவது இருந்தா அந்த வார்டுக் கதவச் சாத்தச் சொல்லுங்க" என்றாள். "சாத்தட்டும், நான் இருக்கேன். ஒரு சத்தமும் இல்லாம, நான் சொல்லுதத நீங்க முழுசா கேக்கணும்."